ஹெய்ன்ஸின் 63

ஜூன் 4
கண் விழித்ததும் அப்பா முதலில் கேட்டது மேற்கிந்தியத் தீவுகளின் பழைய தொடக்க ஆட்டக்காரர் டெஸ்மண்ட் ஹெய்ன்ஸின் ஒருநாள் ஸ்ட்ரைக் ரேட்டைத்தான், அதாவது நூறு பந்துக்கு எத்தனை ரன் என்பதை. 63 என்றேன். ரோகித் சர்மாவுடையது 90-க்கு மேல் என்று நான் தொடங்குவதற்குள் மீண்டும் உறங்கிவிட்டார்.

ஜூன் 5
இரவு முழுவதும் அந்த 63 என்னை விடவில்லை. 8,648 ரன்களும் 17 சதங்களும் எடுத்து 1994-இல் அவர் விடைபெற்றபோது, ஒருநாள் போட்டிகளில் ரன்னிலும் சதத்திலும் அவரை மிஞ்சியவர் எவருமில்லை. அவரோடு தொடக்கத்தில் இறங்கி மறுமுனையில் பந்தை விளாசிய கிரீனிட்ஜின் ஸ்ட்ரைக் ரேட்டே 65-ஐத் தாண்டவில்லை என்னும்போது, ஹெய்ன்ஸை மந்தமானவர் என்பது அநியாயம்.

ஜூன் 6
மருத்துவர் வரவில்லை.

ஜூன் 7
1975-இல் இதே நாளில்தான் லார்ட்ஸில் கவாஸ்கர் 60 ஓவரும் நின்று, 174 பந்துகளில் 36 ரன் எடுத்தார். அந்தக் காலம் அப்படி என்பார் அப்பா. ஆனால் அதே நாளில் அதே ஆடுகளத்தில் இங்கிலாந்தின் டென்னிஸ் அமிஸ் 147 பந்துகளில் 137 எடுத்திருக்கிறாரே! ஒருவரை அளக்க வேண்டுமானால் அவரோடு அன்று ஆடியவர்களை வைத்தே அளக்க வேண்டும் என்பது எனக்கு இன்றுதான் உறைத்தது.

ஜூன் 8
அப்பா இரண்டு வாய் கஞ்சி குடித்தார். 1997 மே மாதத்தில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானின் சயீத் அன்வர் அடித்த 194-ஐப் பற்றி அவராகவே பேசத் தொடங்கினார். அன்றைய புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்ததும், தசைப்பிடிப்பால் துவண்ட அன்வருக்கு ஷாகித் அப்ரிதி ரன்னராக, அதாவது அவருக்குப் பதிலாக, ஓடியதும், அன்வர் ஆட்டமிழந்து திரும்பியபோது அப்பா எழுந்து நின்று கை தட்டியதும் எனக்கும் நினைவிருக்கின்றன. 2011 அக்டோபரில் ரன்னரை எடுத்துவிட்டார்கள். அதே மாதம் முனைக்கொரு புதுப்பந்து வந்தது. 2025-இல் விதி மாறும்வரை எந்தப் பந்தும் 25 ஓவருக்கு மேல் அடிபடாததால் அதன் கெட்டி குறையவில்லை, பழைய பந்து எதிர்த்திசையில் வளையும் ரிவர்ஸ் ஸ்விங்கும் அரிதாகிவிட்டது. 2014-இல் ஈடன் கார்டனில் ரோகித் 264 எடுத்தபோது, கடைசி 10 ஓவர்களிலும் உள்வட்டத்துக்கு வெளியே ஃபீல்டர்கள் நால்வருக்கு மேல் நிற்கக் கூடாது என்றிருந்தது. அன்வருக்கு ரன்னர் இருந்தார்; ஆனால் புதுப்பந்து, உள்வட்டச் சலுகைகள் எவையும் கிடைக்கவில்லை.

ஜூன் 9
என் அளவுகோலை ரோகித்துக்கும் வைத்துப் பார்த்தேன். அதே விதிகளோடு, அதே ஆடுகளத்தில், அன்று இலங்கை அணி முழுவதும் சேர்ந்து எடுத்தது 251. அப்பாவிடம் நாளை சொல்ல வேண்டும்.

ஜூன் 10
அதிகாலையில் அப்பாவை மறுபடியும் உள்ளே கொண்டுபோனார்கள். இலங்கையின் தொடக்க ஆட்டக்காரர் ஜெயசூர்யாவைப் பற்றி நாங்கள் இன்னும் பேசவே இல்லை.