எந்த ஊர் வார்சிட்டி?

மினசோட்டாவிலிருந்து ஜார்ஜியாவின் அட்லாண்டா பக்கம் குடிபெயர்ந்த ஒரு பள்ளி பேஸ்பால் அம்பயருக்கு முதல் மாதம் முழுக்க ஜே.வி. (பள்ளியின் இரண்டாம் நிலை அணி) ஆட்டங்களையே கொடுத்தது சரிதானா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. ஆட்டங்களை ஒதுக்குவது அசைனர். புதிதாக வருகிறவரை ஜே.வி.யிலா, பள்ளியின் முதல் அணியான வார்சிட்டியிலா, எந்த மட்டத்தில் வைக்கலாம் என்று சொல்வது மட்டும்தான் என் பங்கு. தொலைபேசியில் நான் கேட்டது இவ்வளவுதான்: "அங்கே நீங்கள் பார்த்த வார்சிட்டி இங்கே எதற்குச் சமம்?" அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்கள் ஊரில் ஆட்டம் உசத்தியா, வெயில் உசத்தியா?" என்று திருப்பிக் கேட்டார். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். கேள்வி என்னவோ நியாயமான கேள்விதான்.

மாநிலம் மாறினாலும் மாறாதவை நிறைய. பந்தை எறியும் பிட்சர் நிற்கும் பலகையிலிருந்து, அடிப்பவர் பக்கத்தில் நிற்கும் ஹோம் பிளேட் வரை 60 அடி 6 அங்குலம், பேஸுக்கும் பேஸுக்கும் 90 அடி, பிளேட்டின் அகலம் 17 அங்குலம், ஆட்டம் 7 இன்னிங்ஸ். உலோக மட்டைகளும் 2012 முதல் பந்து துள்ளும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பி.பி.கோர் என்ற ஒரே தரத்துக்குள் வந்துவிட்டன. ஸ்ட்ரைக் (சரியான பந்து) எல்லையும் ஒன்றே: தோளுக்கும் இடுப்புக்கும் நடுவிலிருந்து முழங்கால் வரை. ஆக, மாறுவது பையன்கள்தான். அவர்களை மாற்றுவதில் பெரும்பங்கு நாட்காட்டிக்கு.

இங்கே ஜனவரியில் பயிற்சி, பிப்ரவரி நடுவில் ஆட்டம். மினசோட்டாவில் மார்ச் கடைசியிலும் மைதானத்தில் பனி கிடக்கும். ஏப்ரல் தொடக்கத்தில் களமிறங்கும் பிட்சர் அதுவரை ஜிம்முக்குள் மரத்தளத்தில் எறிந்து பழகியவன். விரல் விறைத்த குளிரில் அவனுடைய வளைபந்து வளையாது; பல நாள் பிடிக்கு உள்ளேயே நிற்காது. அதே பையனை ஜூனில், மாநிலப் போட்டி நேரத்தில் பார்த்தால் வேறு ஆள். ஐயோவாவில் நிலைமை இன்னும் விசித்திரம். அங்கே பள்ளி பேஸ்பால் கோடைகாலத்து ஆட்டம், ஜூலையில்தான் முடியும். அதனால் எல்லையோர அம்பயர்கள் வசந்தத்தில் பக்கத்து மாநிலத்திலும் கோடையில் ஐயோவாவிலும் என்று ஒரே வருடத்தில் இரண்டு சீசன் பார்த்துவிட முடியும். மாநிலங்களை ஒப்பிடுகிறவர்கள் எந்த மாதத்து ஆட்டத்தை வைத்து ஒப்பிடுகிறார்கள் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. நானும் அவரிடம் அதைக் கேட்கவில்லை, அவராகவும் சொல்லவில்லை.

குளிர் மாநிலங்களில் ஆளே இல்லை என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. தொழில்முறை அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2001 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜோ மாவர், மினசோட்டாவின் செயின்ட் பால் நகரத்துப் பள்ளி மாணவர். 2009-ல் 25-ஆவது இடத்தில் எடுக்கப்பட்ட மைக் ட்ரவுட் நியூ ஜெர்சியின் மில்வில்லில் ஆடியவர். ஒரு நட்சத்திரத்தை வைத்து மாநிலத்தை எடை போட முடியாது என்பதும் இதே கதைதான். வித்தியாசத்தைப் பார்க்க மூன்றாவது பிட்சரையும், அடிக்கும் வரிசையில் ஏழு, எட்டு, ஒன்பதாவது ஆட்களையும் பாருங்கள். ஜார்ஜியாவின் ப்ளேஆஃப் மூன்றில் இரண்டு வென்றாக வேண்டிய தொடர். 2017 முதல் எல்லா மாநிலங்களும் பந்து எண்ணிக்கை வரம்பு வைத்தாக வேண்டும் என்பதால், முதல் நாள் நிறைய எறிந்தவனை அடுத்த நாள் இறக்க முடியாது. மூன்றாவது ஆட்டம் என்று வந்தால் மூன்றாவது கை வேண்டும். இங்கே நல்ல பள்ளிகளில் அந்த மூன்றாவது கையும் மணிக்கு 80 மைலுக்கு மேல் எறியும். நான் சமம் பார்க்க முயன்றது இந்த ஆழத்தைத்தான்.

வேகம் அம்பயரை என்ன செய்கிறது? மணிக்கு 74 மைலில் வரும் பந்து கையை விட்டுப் பிளேட்டைக் கடக்க சுமார் 0.52 விநாடி, 88 மைல் என்றால் 0.43 சொச்சம். விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட வித்தியாசம் இல்லை. ஆனால் அந்த இடைவெளியில்தான் கண் பழகியிருக்கும். மெதுவான பந்துக்குப் பழகியவர் பந்தோடு சேர்த்துத் தலையையும் நகர்த்துவார். வேகமான பந்து வரும்போது கேட்சரின் கையுறை எங்கே போய் நின்றது என்பதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல ஆரம்பிப்பார். முழங்கால் மட்டத்தில் ஸ்ட்ரைக்காகக் கடந்து, தாழப் போய்ப் பிடிபடும் ஸ்லைடர் (கடைசியில் சறுக்கி விலகும் பந்து) இப்படித்தான் 'பால்', அதாவது ஸ்ட்ரைக் அல்லாத பந்து, ஆகிவிடும். அடுத்தது திருட்டு ஓட்டம், அதாவது பிட்சர் எறியும்போதே ஓட்டக்காரன் அடுத்த பேஸுக்கு ஓடுவது. பந்தை வாங்கியதிலிருந்து இரண்டாம் பேஸுக்குச் சேர்க்க 2.0 விநாடி எடுக்கும் கேட்சருக்கும் 2.4 எடுக்கும் கேட்சருக்கும் நடுவில், பேஸ் அம்பயர் திரும்பி, இரண்டடி வைத்து, அசையாமல் நின்று பார்க்கும் நேரமே காணாமல் போகிறது. பந்தோடு ஓட்டக்காரனைத் தொடும் டேக் விழும்போது அவர் இன்னும் திரும்பிக்கொண்டிருப்பார்.

இதைச் சொல்லித்தான் என் பரிந்துரையை நியாயப்படுத்தினேன். கீழிருந்து ஆரம்பிக்கட்டும், கண் பழகட்டும் என்றேன்.

ஜே.வி. ஆட்டத்தில் கண் எதற்குப் பழகும் என்பதுதான் பிறகு உறுத்தியது. அங்கே 88 மைல் வராது. வருவதெல்லாம் வாக் (நாலு 'பால்' எறிந்து இலவசமாகக் கொடுக்கும் முதல் பேஸ்), தரையில் குத்தும் பந்து, கேட்சரைத் தாண்டி ஓடும் பந்து. பிளேட்டுக்குப் பின்னால் மூன்று மணி நேரம் குனிந்து நிமிர்வதில் முதுகு பழகும், அவ்வளவுதான். நல்ல வார்சிட்டியில் பிட்சர் ஸ்ட்ரைக் போடுவான், கேட்சர் பிடிப்பான், இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் எடுத்து நெஞ்சுக்கு நேரே எறிவான். அம்பயர் பார்க்க வேண்டியது ஒரு நேரத்தில் ஒன்றே. கீழ்மட்டத்தில் ஒரே பந்தில் நாலு சங்கதி நடக்கும்.

ஒன்றைப் பார்ப்போம். முதல் பேஸிலும் இரண்டாம் பேஸிலும் ஓட்டக்காரர்கள், களத்தில் இரண்டே அம்பயர்கள். தரையோடு போகும் பந்தை ஷார்ட்ஸ்டாப் தடுமாறி எடுத்து, முதல் பேஸ்மேன் தலைக்கு மேலே எறிகிறான். பந்து வேலியைத் தாண்டி வெளியே போய்விட்டது. ஆளுக்கு இரண்டு பேஸ் என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கிருந்து இரண்டு என்பதில்தான் சண்டை. இன்ஃபீல்டரின் (பேஸ்களை ஒட்டி நிற்பவரின்) முதல் எறி என்பதால் பிட்ச் போட்ட நேரத்தில் நின்ற இடத்திலிருந்து எண்ண வேண்டும். இரண்டாம் பேஸ்காரனுக்கு ஹோம், முதல் பேஸ்காரனுக்கு மூன்று, அடித்தவனுக்கு இரண்டு. உடனே கோச் வெளியே வருவார்: "எறியும்போதே என் பையன் இரண்டாம் பேஸைத் தாண்டிவிட்டானே, ஹோம் கொடுக்க வேண்டாமா?" அடித்தவன் உட்பட எல்லோருமே ஒரு பேஸ் முன்னேறிய பிறகு எறிந்திருந்தால் அவர் சொல்வது சரி. அடித்தவன் அப்போது முதல் பேஸைத் தொட்டிருந்தானா? பந்தையும் பார்த்து, அவன் காலையும் பார்த்து வைத்திருக்கிற அம்பயருக்குத்தான் பதில் தெரியும். பெரிய பள்ளிகளின் ஆட்டத்தில் சீசனுக்கு ஒருமுறை வரும் இந்த வழக்கு, ஜே.வி.யில் வாரம் தவறாமல் வரும்.

அப்படியானால் விதி ஞானத்தைச் சோதிக்க ஜே.வி. நல்ல இடம்தானே என்றும் தோன்றுகிறது. இவர் விஷயத்தில் அதற்கும் ஒரு காரணம் இருந்தது. மினசோட்டாவில் கோடை முழுக்க டவுன் பால் பார்த்திருந்தார். ஊருக்கு ஊர் அணி, கல்லூரியில் ஆடி முடித்த வளர்ந்த ஆட்கள், மர மட்டை. அதன் மாநிலப் போட்டி 1924-லிருந்து நடக்கிறது. ஆள் வலு என்று பார்த்தால் எங்கள் வார்சிட்டியில் பாதிக்கு மேல் அதற்குக் கீழேதான். நான் பள்ளி ஆட்டத்தைக் கேட்டதால் அவர் அதைக் கடைசியில்தான் சொன்னார். நான் அதற்குப் பாதி மதிப்பெண்தான் கொடுத்தேன். அதில் எனக்கு வருத்தமில்லை, ஏனென்றால் பெரியவர்கள் ஆட்டத்தின் விதி வேறு.

அங்கே பால்க் (ஓட்டக்காரரை ஏமாற்றும் பிட்சரின் தவறான அசைவு) சொன்னாலும் பந்து உயிரோடு இருக்கும், ஆட்டம் தொடரும். அடித்து எல்லோரும் ஒரு பேஸ் முன்னேறினால் அப்படியே நிற்கும். பள்ளி விதியில் பால்க் என்றதும் பந்து செத்துவிடும், அடித்த ஹோம் ரன்னும் செல்லாது. மூன்றாம் பேஸுக்கு எறிவதுபோல் பாவலா காட்டுவது பெரிய லீக்கில் 2013 முதல் பால்க். பள்ளியில் தாராளமாகச் செய்யலாம். பேஸைத் தொடாமல் போனவன் மீதான முறையீட்டை இங்கே கோச் வாயால் சொன்னாலே போதும். ஃபோர்ஸ் பிளேயில் (ஓட்டக்காரன் அடுத்த பேஸுக்குப் போயே ஆக வேண்டிய நிலை) நேராக விழாமல் ஃபீல்டரைச் சாய்த்தால் ஓடியவனும் அடித்தவனும் சேர்ந்தே அவுட். வருடக்கணக்கில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தவருக்கு இது புதிதல்ல என்பீர்கள். உண்மைதான். ஆனால் மாற்றி மாற்றிப் பார்ப்பவர்களுக்குத்தான் நெருக்கடியில் பழைய விதி வாயில் வந்துவிடும். இவருக்கு வந்ததா என்றால், அந்த ஒரு மாதத்தில் அப்படி ஒரு புகாரும் இல்லை.

இத்தனையும் சொன்ன பிறகு, சொல்லாமல் விட்ட ஒன்று பாக்கி இருக்கிறது. இங்கே ஜே.வி. பார்த்துக்கொண்டு, வார்சிட்டி பிளேட்டுக்காக இரண்டு மூன்று சீசன் காத்திருக்கும் உள்ளூர் ஆட்கள் எங்கேயும் உண்டு. வெளியூர்க்காரர் வந்ததும் நேரே வெள்ளிக்கிழமை ராத்திரி பிளேட்டில் நிறுத்தினால் அந்த வரிசை கலையும். வரிசை இருக்கிறது, பொறுங்கள் என்று சொன்னால் வருகிறவர் மனம் கோணும். தரம் வேறு என்று சொன்னால் கோணாது என்று நினைத்துக்கொள்கிறோம். அவர் வெயிலைப் பற்றிக் கேட்டபோதே இது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். நான் தரத்தைப் பற்றிச் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. முடிவுக்கு அதுவேதான் காரணமா என்று கேட்டால், பாதிக் காரணம்.

இப்போது வெளிமாநிலத்தவர் வந்தால் வார்சிட்டியா, ஜே.வி.யா என்று கேட்பதை விட்டுவிட்டேன். போன வருடம் எத்தனை பிளேட், ப்ளேஆஃப்பில் எந்தச் சுற்று வரை, இரண்டு பேர் குழுவா மூன்று பேர் குழுவா, கோடையில் எந்த விதியில் பார்த்தீர்கள், பார்த்ததிலேயே வேகமான பிட்சர் எவ்வளவு எறிவான்? இவற்றைக் கேட்டுவிட்டு, முதல் வாரம் ஒரு வார்சிட்டி ஆட்டத்தில் பேஸிலும், ஒரு ஜே.வி. ஆட்டத்தில் பிளேட்டிலும் போடச் சொல்கிறேன். பேஸில் கால் தெரியும், பிளேட்டில் விதி தெரியும். 88 மைல் பந்துக்கு அவர் தலை அசைகிறதா என்பது இந்த இரண்டிலுமே தெரியாது. அதற்கு அவரை வார்சிட்டி பிளேட்டில்தான் நிறுத்திப் பார்க்க வேண்டும். வரிசையில் நிற்கும் உள்ளூர்க்காரர் அதற்குச் சம்மதிப்பதில்லை. இதை எப்படிச் சரிசெய்வது என்று அசைனரும் நானும் ஒவ்வொரு பிப்ரவரியும் பேசுகிறோம்.