பந்தியில் பரிமாறப் போகலாமா பதினைந்து வயதுப் பையன்?

பத்தாம் வகுப்புத் தேர்வை முடித்துவிட்டு வீட்டிலிருக்கும் அக்கா மகன், வைகாசி முகூர்த்தங்களுக்குக் கேட்டரிங் வேலைக்குப் போகலாமா என்று கேட்டதிலிருந்து அந்த வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. கைச்செலவுக்காவது சம்பாதிக்கட்டுமே என்கிறார் அத்தான். நம் பிள்ளை ஊரார் எச்சில் இலையை எடுப்பதா என்கிறார் அக்கா. என்னிடம் அபிப்பிராயம் கேட்டபோது, எந்த நேரத்துப் பந்திக்குக் கூப்பிடுகிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் விசாரித்தேன்.

1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 2016இல் திருத்தப்பட்ட பிறகு, 14 வயது நிரம்பாதவர்களை எந்த வேலைக்கும் அமர்த்தக் கூடாது என்கிறது. பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவதற்கும் கலைஞராக நடிப்பதற்கும் மட்டும் விலக்கு உண்டு. 14 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்குச் சுரங்கம், வெடிபொருள் போன்ற ஆபத்தான தொழில்களில்தான் தடை. ஆகவே இவன் பரிமாறப் போவது குற்றமன்று. ஆனால் அதே சட்டம் வைத்திருக்கும் நேரக் கட்டுப்பாட்டை யாரும் படிப்பதில்லை. தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அதன்பின் 1 மணி நேர ஓய்வு தர வேண்டும், ஓய்வும் வேலைக்காகக் காத்திருக்கும் நேரமும் சேர்த்து நாளுக்கு 6 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணி வரை வேலையே கூடாது.

கல்யாண மண்டபத்தின் கடிகாரமோ இதற்கு நேர் எதிராக ஓடுகிறது. வரவேற்பு விருந்தின் முதல் பந்தி தொடங்குவதே 7 மணிக்கு மேல்தான். கடைசிப் பந்தி எழுந்து, மேசை துடைத்து முடிவதற்குள் 11 மணி தாண்டிவிடும். பிறகு சாப்பாட்டுக் கூடத்திலேயே துண்டை விரித்துப் படுத்து, விடியற்காலை இருட்டிலேயே எழுந்து முகூர்த்தத்துச் சிற்றுண்டிக்கு இலை போட வேண்டும். நடுவில் வீட்டுக்கு வருகிற பையன்களோ ஒரே வண்டியில் மூன்று பேராக வருகிறார்கள். உரிமம் இல்லாத சிறுவன் வண்டி ஓட்டிப் பிடிபட்டால், 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம் என்று சொன்னபோதுதான் அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எஞ்சுவது பகல் விருந்து. அதற்குப் போகட்டும் என்பதுதான் என் கருத்து. கொதிக்கும் ரச வாளியோடு ஈரத்தரையில் நடப்பது விளையாட்டன்று என்பதால், முதல் சில பந்திகளில் அப்பளமும் தண்ணீரும் மட்டும் கொடுக்கச் சொல்லி மேற்பார்வையாளரிடம் கேட்டுக்கொள்ளலாம். இலையைப் பார்த்தே இவருக்கு மோர் வேண்டும், அந்தப் பெரியவருக்குச் சோறு போதும் என்று கண்டுகொள்ளும் பழக்கம் இந்த வயதில் வேறெங்கும் எளிதில் வாய்ப்பதில்லை. எச்சில் இலை பற்றிய அக்காவின் கூச்சத்தை என்னால் ஏற்க முடியவில்லை. யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை எடுத்த இலைகளில்தான் நாம் இத்தனை கல்யாணங்களில் சாப்பிட்டிருக்கிறோம்.

கூலி விஷயத்தில் மட்டும் கறாராக இருக்கச் சொல்லியிருக்கிறேன். கேட்டரிங்காரருக்கும் பையன்களுக்கும் நடுவில் ஆள் அனுப்புகிறவர் ஒருவர் இருப்பார். ஒரு வேளைக்கு எவ்வளவு, வண்டிச் செலவைப் பிடித்துக்கொள்வாரா, கையில் சுட்டுக்கொண்டால் மருத்துவச் செலவு யாருடையது என்பதையெல்லாம் அத்தானே நேரில் போய்ப் பேசிவிட வேண்டும். அடுத்த முகூர்த்தத்தில் சேர்த்துத் தருகிறேன் என்பவரிடம் இரண்டாம் முறை அனுப்ப வேண்டியதில்லை.

ஆனியோடு இந்தப் பேச்சு தானாக நின்றுவிடும். ஆடியில் கல்யாணம் இல்லை. ஆவணியில் மறுபடி அழைப்பு வரும்போது பதினோராம் வகுப்புப் பாடங்கள் நடந்துகொண்டிருக்கும், காலாண்டுத் தேர்வும் நெருங்கியிருக்கும். அப்போது ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தமாக இருந்தால், அதுவும் பகல் பந்தியாக இருந்தால் மட்டும் அனுப்பலாம் என்பதற்கு அக்காவும் அரைமனதோடு சம்மதித்திருக்கிறார்.