"தானா பேசிக்கினு கீறாரு சார்"

அந்த அம்மா கேட்டது ஒரே கேள்விதான். "ராத்திரில தானா பேசிக்கினு கீறாரு சார். மாத்திரையாலயா?"

வீட்டுக்காரர் குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டுகிறவர். எம்டிஆர் டிபி, அதாவது வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத காசநோய். மருந்து தொடங்கி மூன்றாவது மாதம். டிபிக்காரர்கள் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கிறவன் நான். வண்டியை விட்டு இறங்காமலே சொன்னேன்: "கடுமையான மருந்தும்மா, அப்படித்தான் இருக்கும். ஒரு நாள்கூட விட்டுடாதீங்க." அவர் முந்தானையில் முடிந்து வைத்திருந்த காலி மாத்திரை அட்டைகளை எடுத்துக் காட்டினார். எண்ணிப் பார்த்தேன். ஒரு வேளை தவறவில்லை. எனக்குத் திருப்தி.

பத்து நாளில் வீட்டுக்காரர் தறியின் பாவு நூலை அறுத்துப் போட்டுவிட்டு மொட்டை மாடிச் சுவரில் ஏறி நின்றார். பக்கத்து வீட்டுப் பையன்கள்தான் இழுத்துப் பிடித்தார்கள். வேலூரில் டாக்டர் மாத்திரை அட்டையைப் பார்த்ததுமே சைக்ளோசெரின் என்ற டிபி மருந்தை நிறுத்தினார். ஒரு வாரத்தில் ஆள் தெளிந்துவிட்டார்.

நான் சொன்னதில் என்ன தப்பு? பாதியில் விட்டவர்களை நிறையப் பார்த்தவன் நான். "விடாதீங்க" என்பதுதான் என் வேலையே. ஆனால் அந்த அம்மா விடலாமா என்று கேட்கவில்லையே. மாத்திரையாலயா என்றுதான் கேட்டார். பயிற்சியில் கொடுத்த தாளில் சைக்ளோசெரினுக்கு நேராக 'மனநிலை மாற்றம்' என்று இருந்தது. படித்ததுதான்.

அப்புறம்தான் அந்த மருந்தைப் பற்றித் தேடிப் படித்தேன். அமினோ அமிலங்களில் இடக்கை, வலக்கை மாதிரி எல், டி என்று இரண்டு வடிவம். நம் புரதங்கள் எல் வகையால் ஆனவை. டிபி கிருமிக்கோ தன் செல்லுக்குச் சுவர் கட்ட டி-அலனின் என்ற டி வகை அமிலம் வேண்டும். சைக்ளோசெரின் அதே சாயலில் உள்ளே போய், டி-அலனினைச் செய்கிற நொதியையும் அதை இணைக்கிற நொதியையும் முடக்குகிறது. டி வகை கிருமிகளின் சொத்து என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். நம் மூளையிலேயே டி-செரின் என்ற டி வகை அமிலம் இருக்கிறது, மூளைச் செல்லில் செய்தியை வாங்குகிற, நினைவுக்கும் கற்றலுக்கும் வேண்டிய என்எம்டிஏ ஏற்பியை அது இயக்குகிறது என்பதெல்லாம் 1990களில்தான் தெளிவானது. டி-செரின் உட்காரும் அதே இடத்தில் சைக்ளோசெரினும் போய் உட்காரும். கிருமியை அடிக்கிற அந்தச் சாயலே மூளைக்குள்ளும் கதவைத் திறந்துவிடுகிறது. மனச்சிதைவு நோய்க்கு டி-செரினையே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். உயரத்துக்குப் பயப்படுகிறவர்களுக்குப் பயத்தைப் போக்கும் பயிற்சியோடு சைக்ளோசெரினை ஓரிரு வேளை மட்டும் கொடுத்த ஆய்வு 2004இல் வந்தது. அதைப் படித்தபோது அந்த மாடிச் சுவர்தான் கண்ணில் நின்றது. அவர் தினமும் மூன்று காப்ஸ்யூல், 750 மில்லிகிராம், மாதக்கணக்கில் போட்டவர்.

இதெல்லாம் தெரிந்திருந்தால் அன்று இறங்கியிருப்பேனா? இறங்கியிருப்பேன் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அன்று இன்னும் நாலு வீடு பாக்கி இருந்தது. தவிர, இறங்குவதற்கு டி-செரின் எதற்கு? அந்த அம்மாவின் முகமே போதுமே.

இப்போது எல்லாரிடமும் கேட்கிறேன்: தூக்கம் வருதா, காதுல யாராவது பேசுற மாதிரி இருக்கா, குடிக்கிறீங்களா. பேரணாம்பட்டில் ஒருவர் அந்தக் கேள்வியிலேயே பயந்து நான்கு நாள் மாத்திரை போடவில்லை.

போன மாதம் குடியாத்தம் போனேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா டீ கொடுத்துவிட்டு, மாற்றிக் கொடுத்த மருந்தின் அட்டையை நீட்டினார். "இது அந்த மாதிரி இல்லியே சார்?"

உட்கார்ந்து, அட்டையை வாங்கி, பெயரைப் படித்தேன்.