பூட்டு மாத்தினா மட்டும் சாமான் அவங்களுதாகிடாது

நேத்து அத்தையோட சுங்கை சிப்புட் டவுனுக்குப் போயிருந்தேன். தோட்டத்து லயத்து வீட்டைக் காலி பண்ணினப்போ ஃபிளாட்டுல இடம் பத்தாம, சாமான்களைக் கடைவீட்டுப் பின்னறை ஒன்னுல வாடகைக்குப் போட்டு வச்சிருந்தாங்க. மூணு மாச பாக்கி. கதவுல புதுப் பூட்டு. ஜன்னல் கம்பி வழியா தாத்தாவோட ரப்பர் மரம் சீவுற பால்வெட்டுக் கத்தி தெரிஞ்சுது, பிடியில சுத்தின சைக்கிள் டியூப் ரப்பர் அப்படியே இருக்கு. அத்தை கம்பியைப் பிடிச்சுக்கிட்டு பேசாம நின்னாங்க.

"அடுத்த மாசம் எல்லாத்தையும் வித்துடுவேன்"னு கடைவீட்டு முதலாளி சொல்லிட்டாராம். பாக்கியைக் கட்டத்தான் வேணும், அதுல மறுபேச்சு இல்ல. ஆனா அவரா விக்க முடியாது. நம்ம மலேசியாவுல 1951 டிஸ்ட்ரெஸ் சட்டப்படி வாடகை பாக்கிக்குச் சாமானைப் பறிமுதல் பண்ண கோர்ட்டு வாரண்டு வேணும், அதுவும் அதிகபட்சம் 12 மாச பாக்கிக்குத்தான். விக்கிறதும் கோர்ட்டு வழியாத்தான்.

செல்ஃப் ஸ்டோரேஜ் கம்பெனியில, அதாவது சாமான் வைக்க அறை வாடகைக்கு விடுற கம்பெனியில, வைக்கிறவங்க இன்னும் கவனமா இருங்க. அங்க ஒப்பந்தம்தான் பேசும். எத்தனை நாள் தவறினா பூட்டுவாங்க, எப்போ விப்பாங்கன்னு கையெழுத்துக்கு முன்னாடியே படிச்சிடுங்க. நியாயமில்லாத நிபந்தனையை எதிர்த்துக் கேக்க 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துல இடம் இருக்கு. பயனீட்டாளர் நடுவர் மன்றத்துல 50,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் நஷ்டஈடு கேக்கலாம், கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம்.

இன்னிக்கு முதலாளிகிட்ட பேசி, மாசாமாசம் கொஞ்சமா கட்டுறதா வாட்ஸ்அப்புல எழுதியே அனுப்பிட்டோம். சனிக்கிழமை திறந்து விடுறேன்னு சொல்லியிருக்கார். யார்கிட்டயாவது சின்ன லாரி இருந்தா சொல்லுங்க.