கேனும் நாங்களும்

அம்மாவுக்கு பிபி மாத்திரை மாத்தி மாத்தி போட்டும் குறையல, முகம் வேற உப்பி வட்டமாயிடுச்சு, வயித்துல செவப்பா வரி வரியா வந்துச்சு. ஹார்மோன் டாக்டர் பாத்துட்டு குஷிங்ஸ், அதாவது உடம்புல கார்டிசால்ங்குற ஹார்மோன் அதிகமாகுற நோய், இருக்கான்னு பாக்கணும்னு 24 மணி நேர யூரின் கார்டிசால் எழுதிக் குடுத்தார். ரத்தம் எடுத்தா போதாதா சார்னேன். கார்டிசால் காலைல ஏறி நடுராத்திரில இறங்கிடுமாம், ஒரு தடவை குத்தி எடுத்தா அந்த நேரத்து அளவுதான் தெரியுமாம்.

லேப்ல பெரிய கேனைக் கையில குடுத்து "நாளைக்கு காலைலேர்ந்து மறுநாள் காலை வரைக்கும் புடிங்க", அவ்ளோதான். நாங்க எந்திரிச்சதும் போன மொத யூரினையும் சேத்து ஊத்திட்டோம். அது முந்தின ராத்திரி சேந்தது, அதை டாய்லெட்ல விட்டுட்டு மணியை எழுதி வைக்கணும், 6 மணின்னா அதுலேர்ந்து வர்றதெல்லாம் கேனுக்கு, மறுநாள் 6 மணிக்கு கடைசியா ஒரு தடவை போய் அதையும் ஊத்தணும். இதை யாரும் சொல்லல!

அன்னைக்கு பாத்து சொந்தத்துல கல்யாணம். அம்மா மூணு தடவை மண்டபத்துலயே போயிட்டு வந்து கமுக்கமா இருந்துட்டாங்க. ஆனா கிரியேட்டினினும், அதாவது தசைலேர்ந்து தினமும் யூரின்ல வர்ற கழிவு, சேத்து பாக்குறாங்க, ஆளோட உடம்புக்கு ஒரு நாளைக்கு இவ்ளோ வரணும்னு ஒரு கணக்கு இருக்கு, குறைஞ்சுச்சுன்னா சாம்பிள் முழுசா இல்லன்னு தெரிஞ்சுடும். மாட்டிக்கிட்டோம்.

ரெண்டாவது கேனை ஃப்ரிட்ஜ்ல வைக்கணும்னதும் அப்பா இட்லி மாவைத் தூக்கிட்டு பக்கத்து வீட்டுக்கே போயிட்டார். கடைசில ஐஸ் போட்ட பக்கெட்ல வச்சோம். டெஸ்டுதானேன்னு தண்ணியை குடம் குடமா குடிக்கவும் கூடாது, கார்டிசால் ஏத்திக் காட்டும். ஸ்டீராய்டு கிரீம், இன்ஹேலர் எது இருந்தாலும் முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடணும், மெடிக்கல்ல சும்மா வாங்கித் தடவுற படை மருந்துல கூட இருக்கும்.

இன்னொண்ணு, கிட்னிக்கு மேல இருக்குற அட்ரீனல் சுரப்பில வர்ற கட்டிக்கு பாக்குற விஎம்ஏ (யூரின்ல வர்ற ஒரு ஹார்மோன் கழிவு) மாதிரி டெஸ்டுன்னா கேன்ல முன்னாடியே கொஞ்சம் ஆசிட் ஊத்தித் தர்றதுண்டு. தண்ணின்னு நெனச்சு கழுவிக் கொட்டிடாதீங்க, நேரா அதுல போகவும் வேணாம், மக்குல புடிச்சு மெதுவா ஊத்துங்க. விஎம்ஏவுக்கு காபி, வாழைப்பழம், சாக்லேட் எல்லாம் நிறுத்தச் சொல்வாங்க.

ரெண்டாவது ரிப்போர்ட்ல கூடுதலா வந்துச்சு, ஒரு ரிப்போர்ட்டை வச்சு முடிவு பண்ண மாட்டாங்களாம், இன்னொரு கேன். ஞாயித்துக்கிழமை வளைகாப்புக்கு ஏன் வரலன்னு சித்தி போன்ல கேக்குறாங்க, அம்மா "கால் வலி"ங்குறாங்க.