சுவாமிமலைப் பட்டறைகளும் ஒரு வட்டாரத்தின் வருவாயும்

2023 செப்டம்பரில் டெல்லி பாரத மண்டபத்தின் முன் நிறுவப்பட்ட 27 அடி நடராசர் சிலை, சுவாமிமலை ஸ்தபதிகளின் கைவேலை என்பதை நம் நாளிதழ்கள் பெருமையோடு எழுதின. பெருமை நியாயமானதே. ஆனால் கும்பகோணத்தை ஒட்டிய இச்சிற்றூரில் உலோகச் சிலை வார்க்கும் அந்தத் தொழில் யார் யாருக்குச் சோறு போடுகிறது, அந்தப் பணம் எங்கே நின்று எங்கே கசிகிறது என்பதை எவரும் அவ்வளவாகப் பேசவில்லை.

சிலையின் உயரத்துக்கு நறுக்கிய தென்னை ஓலையைத் தாளம் என்னும் சிற்ப அளவுக் கணக்குப்படி மடித்து, அந்த மடிப்புகளையே அளவுகோலாகக் கொண்டு, தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து காய்ச்சிய மெழுகில் முதலில் உருவம் பிடிக்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டலை மெல்லியதாகப் பூசி, நிழலில் உலர்த்தி, மேலும் மண் அப்பிக் கம்பியால் கட்டிச் சூடேற்றினால் மெழுகு உருகி வழிந்துவிடும். அது விட்டுச் சென்ற வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியபின் அச்சை உடைத்தாக வேண்டும் என்பதால், ஓர் அச்சுக்கு ஒரே சிலைதான். உள்ளே வெற்றிடம் விடாமல் முழுவதும் உலோகமாக வார்க்கும் கனவார்ப்பில் மெழுகின் எடையைப் போல எட்டு மடங்குக்கும் மேல் உலோகம் தேவைப்படும்; அதில் பெரும்பகுதி செம்பு. செம்பின் விலையோ உலகச் சந்தையில் தீர்மானிக்கப்படுவது. ஆகவே விலை பேசி முன்பணம் வாங்கிய பிறகு செம்பு விலை ஏறினால், அந்த ஏற்றம் பட்டறைக்காரரின் கூலியிலிருந்தே கழிகிறது.

ஸ்தபதியின் பெயர் மட்டுமே வெளியே தெரிந்தாலும், வண்டல் கொண்டுவந்து கொடுப்பவர், பழைய செம்பு வியாபாரி, உலையடியில் நிற்பவர், அரத்தால் ராவி உளியால் நகைவேலையைத் தெளிவாக்குபவர், மெருகு போடுபவர், மரப்பெட்டி அடிக்கும் தச்சர் எனப் பலருடைய வரும்படி ஒரே சிலையில் தொங்குகிறது. இந்தத் தொடர் முழுவதும் பெரும்பாலும் சுற்றுவட்டாரத்திலேயே இருப்பதுதான் ஒரு பெரிய ஆலை தர முடியாத நன்மை என்று நான் கருதுகிறேன். வெளிநாட்டுக் கோயில்களிலிருந்து வரும் ஆர்டர்களில் மட்டும் ஒரு வினோதமான தடை உண்டு. நூறாண்டு கடந்த சிலைகளை ஏற்றுமதி செய்ய 1972ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதிக்காததால், நேற்று வார்த்த சிலை தொன்மையானது அன்று எனத் தொல்லியல் துறையிடம் சான்று பெற்றே அனுப்ப வேண்டியிருக்கிறது. சோழர் காலப் படிமம் போலவே செய்யத் தெரிந்ததற்கு இப்படியும் ஒரு தண்டனை!

அரசு எதுவும் செய்யவில்லை என்று சொல்வதற்கில்லை. 1957இல் தொடங்கிய மாமல்லபுரம் சிற்பக் கல்லூரி இருக்கிறது. 1973 முதல் தமிழக அரசின் கைவினைப் பொருள் நிறுவனமான பூம்புகார் விற்பனைக்கு வழி செய்கிறது. சுவாமிமலைப் படிமங்களுக்குப் ஊர்ப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு தரும் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. இருந்தும், மணல் அச்சில் நூற்றுக்கணக்கில் வார்த்த பித்தளைச் சாமி சிலை எங்கிருந்தோ வந்து பக்கத்துக் கடையிலேயே விலைபோவதை அந்தக் குறியீட்டால் நிறுத்த முடியாது. ஊரின் பெயரைத் தவறாகப் பயன்படுத்துவதை மட்டுமே அது தடுக்கும்.

உண்மையான நெருக்கடி வேலை கற்கும் ஆண்டுகளில் இருக்கிறது. மெழுகில் கைவிரல் வளைவைப் பிடிக்கத் தெரிவதற்கே சில ஆண்டுகள் ஆகும். அந்தக் காலத்தில் இளைஞனுக்குக் கிடைப்பது கைச்செலவுக் காசு, திருப்பூருக்குப் போனால் கிடைப்பதோ மாதச் சம்பளம். கலைவிழாக்களுக்கும் கண்காட்சி அரங்குகளுக்கும் ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதியைப் பட்டறையிலேயே பயில்வோருக்கான மாத உதவித்தொகையாக மாற்றலாம். பூம்புகார் போன்ற நிறுவனமே செம்பை மொத்தமாக வாங்கி, ஆர்டர் உறுதியான நாளின் விலைக்குச் சிறு பட்டறைகளுக்குக் கடனில் தரலாம். இவ்விரண்டுக்கும் புதிய கட்டடமோ புதிய வாரியமோ தேவையில்லை.