பேய் வேண்டாம், ஊர் போதும்

சின்ன பட்ஜெட்டில் உளவியல் திகில் படம் எடுப்பவர்கள் கையில் இருப்பதையெல்லாம் கேமரா வாடகைக்கே கொட்டிவிடுகிறார்கள். அதில் பாதியாவது ஒலிக்குப் போக வேண்டும். படம் கொஞ்சம் மங்கினால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார். வசனம் இரைச்சலில் மூழ்கினால் எழுந்து போய்விடுவார்.

வெளியுலகத் தொடர்பற்ற ஊர் என்பது நல்ல களம்: ஒரே லொகேஷன், பத்துப் பன்னிரண்டு முகங்கள். திரைக்கதைக்கு முன்பே அந்த ஊரின் கட்டுப்பாடுகள் மூன்றை எழுதிவையுங்கள். இருட்டிய பின் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்பது போல. வசனத்தில் ஒன்றைக்கூட விளக்க வேண்டாம். ஆனால் பின்னால் நிற்கும் துணை நடிகர் உட்பட எல்லோருக்கும் அவை தெரிந்திருக்க வேண்டும். வழக்கமாகச் சொதப்புவது இங்கேதான்: “முறைச்சுப் பாருங்க” என்று சொல்லிவிடுவார்கள், காட்சி காமெடியாகிவிடும். ஒவ்வொருவருக்கும் கையில் ஒரு வேலை கொடுங்கள். வெளியாள் நுழைந்ததும் பேச்சு மட்டும் நிற்கட்டும், கைவேலை நிற்க வேண்டாம். அது போதும்.

ஒவ்வொரு லொகேஷனிலும் ஃபேன், ஃப்ரிட்ஜை அணைத்து, யூனிட் மொத்தமும் அசையாமல் நிற்க, ஒரு நிமிடம் ரூம் டோன், அதாவது யாரும் பேசாதபோது அந்த இடத்தில் கேட்கும் அடிப்படை ஒலி, பதிவு செய்யுங்கள். படப்பிடிப்பை முடித்துக் கிளம்பும் அவசரத்தில் முதலில் விட்டுப்போவது இதுதான். இது இல்லாவிட்டால் எடிட்டில் வெட்டிய இடமெல்லாம் காதில் பள்ளமாக விழும். முழு நிசப்தம் வைத்தால் ஸ்பீக்கர் போய்விட்டதோ என்றுதான் தோன்றும். திகிலுக்கு வேண்டியது மெலிந்துகொண்டே போகும் ஒலி: முதலில் பூச்சிச் சத்தத்தை எடுங்கள், அப்புறம் காற்றை, ரூம் டோனை மட்டும் விட்டுவையுங்கள். உடையில் மாட்டும் சின்ன லேப்பல் மைக்கை விறைப்பான துணிக்குள் சும்மா செருகினால் உரசும். துணி மைக்கின் மேல் நகராதபடி இரண்டு பக்கமும் டேப் போட்டு ஒட்ட வேண்டும்.

இரவுக் காட்சிதான் பட்ஜெட்டைத் தின்னும். ஊர் முழுவதற்கும் விளக்குப் போட முடியாது. கேமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐஎஸ்ஓவை, ஏற்றினால் நிழல் பகுதியெல்லாம் புள்ளிபுள்ளியாக நாய்ஸ். அகலமான ஷாட்களைப் பகலிலேயே எடுத்து இரவாகக் காட்டிவிடலாம். சூரியன் நடிகரின் முதுகுப் பக்கம் இருக்கட்டும். எக்ஸ்போஷரை இரண்டு ஸ்டாப் குறைத்து (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்), கேமராவின் நிறச் சமநிலையான ஒயிட் பேலன்ஸை 3200 கெல்வினில் வையுங்கள், நிலவொளி நீலம் வந்துவிடும். வானம் ஃப்ரேமுக்குள் வரவே கூடாது, வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஜன்னலில் எரியும் விளக்கு காட்ட வேண்டுமானால் இந்த முறை உதவாது, வெயிலில் அது அணைந்தது போலத் தெரியும். அதை அஸ்தமனத்துக்குப் பிந்தைய அந்திவெளிச்சத்தில் எடுங்கள். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் அந்த வெளிச்சம் அரை மணி நேரம்கூட நிற்காது. மதியமே ஒத்திகை முடித்து, மூன்று ஷாட்டுக்கு மேல் திட்டமிடாதீர்கள்.

முதல் எடிட்டைக் கதை தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டி, அந்த ஊரின் கட்டுப்பாடுகள் என்னவென்று கேளுங்கள். இரண்டைச் சொன்னால் சரி. மூன்றையும் சொல்லிவிட்டால் எங்கோ ஒரு வசனம் அதிகம், தேடி வெட்டுங்கள்.